மந்திரி வராத படம்

ஏப்ரல் 8, புதன்

நேத்து ஓட்டுப்பதிவு முடிஞ்சது. இன்னிக்கு மலையில இருக்கோம். எண்ணிக்கை மே 3. நடுவுல இருபத்தஞ்சு நாள் இவர் எனக்கே எனக்கு.

தப்பா எழுதிட்டேன். பெயிண்ட் டப்பாவுக்கு.

பின்னாடி யாராவது இந்த டைரியை எடுத்துப் படிச்சா, இவர் எவர்னு முழிக்கக் கூடாதில்ல? இவர்னா ஆர். சென்னிமலை. நாலு தடவை மந்திரி, அதுல ரெண்டு தடவை பொதுப்பணித் துறை. வயசு எழுபத்து நாலு. ஆனா மாநிலம் பூரா ஒட்டியிருக்கற போஸ்டர்ல அம்பதைத் தாண்டலை. நான் நாச்சம்மாள், அந்தப் போஸ்டருக்குப் பொஞ்சாதி.

எமர்ஜென்சியில உள்ளே இருந்தப்ப பொழுது போகாம அடுப்புக்கரியால செல் சுவத்துல வரைய ஆரம்பிச்சவர், இன்னும் நிறுத்தலை. அமைச்சரவைக் கூட்டத்துல ஃபைல் ஓரமா தென்னமரம் வரைஞ்சு, அது அப்படியே கவர்னர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. தேர்தல் முடிஞ்சு எண்ணற வரைக்கும் ஏதாவது ஒரு மலைக்குப் போயிடறது எங்க வழக்கம். ஜெயிச்சோமா தோத்தோமான்னு தெரியாத அந்த நாள்கள்லதான் இவர் நேரத்துக்குச் சாப்பிடுவார், நான் பேசினா காது குடுப்பார்.

இந்தத் தடவை கூடலாங்காட்டுல ஒரு காப்பித் தோட்டத்து வீடு. ரெண்டு ரூம், முன்னாடி ஒரு கொய்யா மரம். கூட வந்திருக்கறது பாதுகாப்புக்கு ஒரே ஒருத்தர், எஸ்.ஐ. இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரர். துப்பாக்கியைவிட வாய் வேகம்.

ஏப்ரல் 9, வியாழன்

மத்தியானம் ரசஞ்சோறு ஆனதும் என் வழக்கமான பாட்டை ஆரம்பிச்சேன். "போதுமுங்க. ஜெயிச்சாலும் மந்திரி பதவி வேண்டாம்னு சொல்லிடுங்க. எம்.எல்.ஏ.வா இருங்க, உக்காந்து படம் வரையுங்க."

எப்பவும் "பாக்கலாம் அம்மிணி"ம்பார். இன்னிக்கு பிரஷ்ஷைக் கழுவிட்டே, "வரைஞ்சு என்ன பண்றது?"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "என்ன பண்றதா? கட்சி ஆபீஸ்ல மட்டும் பதினாலு மாட்டியிருக்கு. நிவாரண நிதி ஏலத்துல காண்ட்ராக்டருங்க அடிச்சுப் புடிச்சு வாங்கினாங்களே!"

"வாங்கினாங்க. அஞ்சு வருஷம் எதிர்க்கட்சியா இருந்தோமே, அப்ப எத்தனை போச்சு?"

யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுகூடப் போகலை.

"அவங்க மாட்டினது படத்தை இல்லை அம்மிணி, என் இலாகாவை. அம்பது வருஷமா வரையறேன். நான் யாருன்னு தெரியாத ஒரே ஒரு ஆள், 'எனக்கு இந்தப் படம் வேணும்'னு கேட்டு நான் பாத்ததில்லை. அது ஒண்ணு நடக்கட்டும். அன்னிக்கே நாற்காலி வேண்டாம்னு சொல்லிடறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. மே 3 சாயங்காலம் தலைவர் போன் வர்றதுக்குள்ள நடக்கணும்."

விடுவேனா? ஞாயித்துக்கிழமை சந்தையில வச்சு விக்கறேன்னேன். சும்மா தூக்கிக் குடுக்கக் கூடாதாம். "இலவசமா குடுத்தா எதையும் வாங்குவாங்க, அது எங்க கட்சிக்கு நல்லாவே தெரியும்"னார். காசு வேண்டாம், அவங்கவங்க கையில இருக்கறதுல ஏதாவது குடுத்து வாங்கணும்னு முடிவாச்சு. யார் வரைஞ்சதுன்னு மூச்சு விடக் கூடாது. இசக்கிமுத்துதான் சாட்சி.

"யம்மா, நீங்க ஜெயிச்சா அய்யா வீட்டுல இருப்பாவ. அப்பம் என்னைய எந்தக் காட்டுக்கு மாத்துவாவளோ"ன்னு அவருக்கு இப்பவே கவலை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சந்தைக்கு மலை மொத்தமும் வந்துடுது. எங்க பாத்தாலும் பலாப்பழம், அன்னாசி, மிளகு. வாசனையில எனக்கு ரெண்டு வயசு குறைஞ்ச மாதிரி இருந்துது. பலாப்பழம் விக்கற பாப்பாயின்னு ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், "இப்படி ஓரமா வைங்கம்மா"ன்னு தன் தார்ப்பாய்ல இடம் விட்டாங்க. அவங்களுக்கு ஏவாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு, படத்தைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

ஒரே ஒருத்தர் வந்தார். கையில எடுத்தார், திருப்பினார், தட்டினார்.

"சட்டம் தேக்குங்களா?"

"ஆமாங்க."

"நடுவுல இருக்கறதைக் கழட்டிட்டுச் சட்டத்தை மட்டும் தருவீங்களா? மாமனார் போட்டோ ஒண்ணு இருக்கு."

வீட்டுல சொன்னப்ப இவர் சிரிச்ச சிரிப்புல கொய்யா மரத்துக் கிளி பறந்துடுச்சு. "பரவால்ல, மாமனார் மேல பாசம் இருக்கே"ங்கறார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒண்ணு. கனி வச்சேன். தலைக்கு டை போடலாமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டார். தாடியும் வளருது. போஸ்டர் உரிய ஆரம்பிச்சாச்சு.

ஏப்ரல் 16, வியாழன்

நேத்து காலையில மேட்டுக்குப் போற வழியில ஒரு பழைய பஸ் நிழற்குடையைப் பாத்து இவர் அப்படியே நின்னுட்டார். சுவர் பூரா பாசி, பாதி கிழிஞ்ச நோட்டீஸ், உள்ளே ஒரு வெள்ளாடு காலை நீட்டிப் படுத்திருக்கு. ஸ்டாண்டைப் போட்டுப் பென்சிலால கோடு இழுத்துட்டு, "நாளைக்கு வந்து பெயிண்ட் பண்றேன், இந்தப் பச்சைக்காகவே வரணும்"னு வந்தார். ராத்திரி பூரா பச்சைதான் பேச்சு.

இன்னிக்குப் போனா, பாசியைக் காணோம். ஆட்டையும் காணோம். நிழற்குடை வெள்ளை வெளேர்னு நிக்குது, கீழே காவிப் பட்டை. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. பக்கத்து மரத்துக்கெல்லாம் இடுப்பு வரைக்கும் சுண்ணாம்பு. நடுவுல பேரூராட்சி செயல் அலுவலர் மகுடேஸ்வரன், கையைக் கட்டிக்கிட்டு.

"ஐயா இங்க படம் வரையறீங்கன்னு நேத்து சாயங்காலம்தானுங்க தெரிஞ்சுது. முன்னாடியே சொல்லியிருந்தா டைல்ஸே ஒட்டியிருப்போம்."

"தேர்தல் நடத்தை விதி இருக்கேப்பா. வேலையெல்லாம் செய்யலாமா?"

"இது வளர்ச்சிப் பணி இல்லீங்கய்யா, வெறும் சுண்ணாம்புங்க."

யானை வரும் பின்னே, பிளீச்சிங் பவுடர் வரும் முன்னே. அந்த மனுசன் முகத்துல அவ்வளவு சந்தோசம், இவருக்குத் திட்ட மனசு வரலை. "கண்ணுக்கு முன்னால இருக்கறதைத்தான் வரையணும் அம்மிணி"ன்னு உக்காந்து, வெள்ளை நிழற்குடையையே வரைஞ்சுட்டார். தட்டுல கலக்கின பச்சை அப்படியே காய்ஞ்சு போச்சு.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்னிக்கு நடந்ததை இவர்கிட்ட சொல்றதா வேண்டாமான்னு தெரியலை.

நிழற்குடைப் படத்தோட சந்தைக்குப் போனேன். பாப்பாயிக்குக் கூட்டம் கொஞ்சம் குறைஞ்ச நேரம். பலாச்சுளை ஒண்ணை எனக்குக் குடுத்துட்டு, எண்ணெய்க் கையைத் துடைச்சுட்டுப் படத்துக்கு முன்னாடி குத்த வச்சு உக்காந்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"நல்லாத்தான் போட்டிருக்காரு. ஏனுங்கம்மா, இந்தப் படத்துல மந்திரி வர்றாருங்களா?"

எனக்குச் சுளை தொண்டையில சிக்கிடுச்சு. "ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"இல்லீங்க, ரோட்டோரம் பவுடர் போட்டிருக்கே. செவுத்துக்கு அடிச்ச சுண்ணாம்பு இன்னும் காயலை. ஒரு நாய்கூட இல்லை. மந்திரி வந்துட்டுப் போற வரைக்கும்தானே ரோடு இப்படி இருக்கும்? அதான், இன்னும் வரலையா, வந்துட்டுப் போயாச்சான்னு கேட்டேன்."

அவங்க கிண்டல் பண்ணலை. நிஜமாவே கேட்டாங்க.

ஏப்ரல் 20, திங்கள்

சொல்லிட்டேன். நேத்து ராத்திரியே. மனசுல வச்சுக்கிட்டுச் சோறு திங்க நம்மால ஆகாது.

சிரிப்பார்னு நெனச்சேன். சிரிக்கலை. இசக்கிமுத்து செல்போன்ல இவர் படங்களோட போட்டோ நூத்துக்கு மேல இருக்கு. அதை வாங்கி ஒவ்வொண்ணா பெருசாக்கிப் பாத்தார். தேர் வீதி, ரெண்டு பக்கம் வெள்ளைக் கோடு. அணைக்கட்டு, கைப்பிடி பூரா புது பெயிண்ட். கிராமத்துப் பள்ளிக்கூடம், மரமெல்லாம் சுண்ணாம்பு. நாப்பது வருஷப் படத்துல ஒரு குட்டிச்சுவர் இல்லை, ஒரு குப்பை இல்லை.

"அம்மிணி, ரோடுன்னா ஓரத்துல வெள்ளைக் கோடு இருக்கும்னே நான் நெனச்சிட்டிருந்தேன்."

எனக்குப் பாவமா போச்சு. சத்தியமா சொல்றேன், இந்த மனுசனுக்கு எதிரிங்க எவ்வளவோ பேசியிருக்காங்க, ஒருத்தரும் இவ்வளவு ஆழமா குத்தினதில்லை. வெறும் மோரைக் குடிச்சுட்டுப் படுத்துட்டார்.

இன்னிக்குக் காலையில எழுந்ததும் நானே எதிர்பாக்காத மாதிரி, பல்லு விளக்கிட்டே தனியா சிரிக்கறார். "படத்துல மந்திரி வர்றாரான்னு கேட்டாளே! என்ன கேள்வி அம்மிணி! நாப்பது வருஷம் சட்டசபையில எவனும் கேக்கலையே!"

ஏப்ரல் 22, புதன்

விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆளைக் காணோம். இசக்கிமுத்தையும் காணோம். ஒரு லுங்கியும் என் பழைய துண்டும் காணோம்.

ஏழு மணிக்கு மகுடேஸ்வரன் வந்துட்டார். "அம்மா, ஐயா இன்னிக்கு எந்தப் பக்கம் வரையப் போறாருன்னு தெரிஞ்சா…" பின்னாடி வண்டியில ரெண்டு மூட்டை பவுடர். மேற்குப் பக்கம்னு கை காட்டினேன். கிழக்கயா மேற்கயான்னு எனக்கே தெரியாது, ஏதோ வாய்க்கு வந்துது.

சாயங்காலம் வந்து சேர்ந்தாங்க. முட்டி வரைக்கும் சேறு. பலாப்பழம் ஏத்தற ஜீப்புல தொத்திக்கிட்டுப் போயிருக்காங்க. ஜீப்புக்காரர், தாடியும் லுங்கியுமா இருந்த இவரைப் பாத்து, "பெருசு, ஓரமா உக்காரு, பழம் நசுங்கும்"னாராம். அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறார்.

"என்னத்த சொல்ல யம்மா, அய்யாவைப் பெருசுன்னு சொன்னதும் என் கை இடுப்புக்குப் போயிட்டு. அய்யா கண்ணைக் காமிச்சாவ, சும்மா இருந்துட்டேன்"னு இசக்கிமுத்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார்.

ஓடைக்காடுன்னு ஒரு ஊராம். ரோடு ஒரு ஓடையில போய் நின்னுடுதாம். அங்க இருந்த சின்னப் பாலம் இடிஞ்சு கிடக்கு. பொம்பளைங்க பலாப்பழத்தைத் தலையில வச்சு, தண்ணிக்குள்ள கல்லு கல்லா தாண்டி வந்து ஜீப்புல ஏத்தறாங்களாம். அதைத்தான் வரையப் போறேன்னார். கண்ணு இருபது வயசுப் பையன் கண்ணு மாதிரி மின்னுது.

ஏப்ரல் 24, வெள்ளி

தினமும் ஜீப். தினமும் சேறு. நான் புளிச்சோறு கட்டிக் குடுக்கறேன். மகுடேஸ்வரன் மேற்குப் பக்கம் பூரா சுண்ணாம்பு அடிச்சு முடிச்சுட்டார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஓடைப் படம் இன்னும் முடியலை. அதனால பழைய தோப்புப் படம் ஒண்ணைக் கொண்டு போனேன். ஒரு வாத்தியார், "எங்க வீட்டு நடையில மாட்டினா நல்லாயிருக்கும், ஒரு கூடை அன்னாசி தரட்டுங்களா?"ன்னார். எனக்குத் தலைகால் புரியலை. அன்னாசியைக் கையில வாங்கப் போறேன், அந்த நேரம் பாத்து இசக்கிமுத்து பின்னாடி வந்து விறைப்பா நின்னார். வாத்தியார் அவர் கிராப்பைப் பாத்தார், இடுப்பைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

"அம்மா… நீங்க… சென்னிமலை ஐயா வீட்டு… அப்ப இது ஐயா வரைஞ்சதா! ஐயோ, ரெண்டு கூடை எடுத்துக்கங்கம்மா! என் டிரான்ஸ்ஃபர் விசயமா ஒரு மனு…"

போச்சு. நல்லவேளை, பாப்பாயி அப்ப சில்லறை மாத்தப் போயிருந்தாங்க.

திரும்பி வர்றப்ப இசக்கிமுத்து மெதுவா சொன்னார்: "யம்மா, அவரு மொதல்ல தெரியாமத்தான கேட்டாரு? நான் சாட்சி சொல்லுதேன். ஜெயிச்சாச்சுன்னு வச்சுக்கிடுவோம்."

ஆசையாத்தான் இருந்துது. கொண்டை ஊசி வளைவு ஒண்ணு தாண்டற வரைக்கும் யோசிச்சேன். அப்புறம் வேண்டாம்னுட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

படம் முடிஞ்சது. எனக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இத்தனை வருஷமா "ரொம்ப நல்லாயிருக்குங்க"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவேன். இன்னிக்குப் போக முடியலை. கைவேலையை விட்டுட்டு நின்னு பாத்துட்டே இருந்தேன், குக்கர் நாலு விசில் அடிச்சது காதுல விழலை.

டி.வி.யில நாங்கதான் வருவோம்ங்கறாங்க. சாமி கும்பிடறப்ப இவர் ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். வேற என்ன வேண்டுவேன்.

மே 3, ஞாயிறு, மத்தியானம்

காலையில எட்டு மணிக்கே எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. மூணாவது சுத்துல இவர் ஆறாயிரம் முன்னிலை. நான் படத்தைத் துணியில சுத்திக்கிட்டுச் சந்தைக்குக் கிளம்பிட்டேன். "எண்ணி முடியட்டுமே"ன்னார். "நீங்க அதை எண்ணுங்க, நான் இதைப் பாக்கறேன்"னேன். இசக்கிமுத்தைச் சந்தை வாசல்லயே நிறுத்திட்டேன்.

துணியைப் பிரிச்சதுதான் தாமதம், பாப்பாயி எடைபோட்டுட்டிருந்த தராசை அப்படியே விட்டுட்டு வந்தாங்க.

"ஐயோ சாமி, இது எங்க ஓடை!"

பக்கத்துல உக்காந்தாங்க. விரலால தொடாம, ஒரு சாண் தள்ளி வச்சு ஒவ்வொண்ணா காட்டினாங்க. "இது எங்க சித்தி மக. இந்த மூணாவது கல்லு ஆடுமுங்க. கோணலாவே போட்டிருக்காரு பாருங்க. இங்கதான் போன மழையில எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு நெறமாசத்தோட வழுக்கி விழுந்துச்சு. பொழைச்சுக்கிச்சு." அப்புறம் என் முகத்தைப் பாத்து, "அம்மா, எனக்கு இந்தப் படம் வேணும்"னாங்க.

அந்த வார்த்தைதான். அச்சு அசலா அதே வார்த்தை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"வீட்டுல மாட்டவா?"

"வீட்டுலயா? தினம் மிதிக்கற ஓடையை எதுக்குங்க வீட்டுல மாட்டறது? மனுவோட வைக்கறதுக்கு. ஆறு வருசமா மனு குடுக்கறோம். செல்லுல போட்டோ புடிச்சுக்கூட வச்சாச்சு, ஒண்ணும் நடக்கலை. இதைப் பாத்தா, பாக்கறவங்க காலு நனையுமுங்க."

"யாருக்கு மனு?"

"யாருக்குன்னா? சென்னிமலை மந்திரி திரும்ப வர்றாருன்னு பேசிக்கறாங்க. பாலத்துக்கெல்லாம் அவருதானே ரெண்டு தடவை இருந்தாரு. இந்தப் பக்கமும் வந்திருக்காரு. ஆனா அவரு கண்ணுல இந்த ஓடை பட்டதில்லீங்க. பட்டிருந்தா கட்டியிருப்பாரு. எனக்கு எழுத வராது, நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா."

மிளகு மடிக்கற வெள்ளைத் தாள்ல எழுதினேன். பெறுநர்னு போட்டு இவர் பேரையே எழுதினேன். பதிலுக்கு, இருந்ததுலயே பெரிய பழத்தைத் தூக்கி மடியில வச்சாங்க. இசக்கிமுத்துதான் சுமந்து வந்தார்.

வீட்டுக்கு வந்தா, இருபத்தோராயிரம் ஓட்டுல ஜெயிச்சாச்சு. இவர் டி.வி.யைப் பாக்கலை, என் கையைப் பாத்தார். பழத்தைப் பாத்தார்.

"போயிடுச்சா? யாரு? தெரியாமலா?"

"தெரியாமத்தான். 'எனக்கு இந்தப் படம் வேணும்'னு கேட்டே வாங்கினாங்க."

எழுபத்து நாலு வயசு மனுசன் கொய்யா மரத்தைச் சுத்தி ஒரு சுத்து ஓடினார். நிஜமா ஓடினார். "எந்தச் சுவத்துல மாட்டப் போறாங்களாம்?"னு கேட்டார்.

பழத்தை அறுக்கணும்னு சொல்லிட்டு உள்ளே வந்துட்டேன். காரணத்தைச் சொல்லலை. தலைவர் போன் ஆறு மணிக்கு வரும். ஆறு மணிக்கு மேல சொன்னா என்ன?

மே 3, சாயங்காலம்

அஞ்சே முக்காலுக்குச் சொல்லிட்டேன். பலாச்சுளை ஒண்ணுகூட இறங்கலை, அதான்.

மனு, பெறுநர், ஆடற கல்லு, வழுக்கி விழுந்த பொண்ணு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். கொட்டிட்டு, "நீங்க நாற்காலிக்கே போங்க. பந்தயமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். போய் அந்தப் பாலத்தைக் கட்டுங்க"ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுதுட்டேன். இருபத்தஞ்சு நாள் முடிஞ்சுபோச்சேன்னு இல்லை, வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்.

இவர் ஒரு பலாச்சுளையை எடுத்துக் கொட்டையைப் பிரிச்சார். அப்புறம் மெதுவா சொன்னார்: "அம்மிணி, லட்சக்கணக்குல மனு வாங்கியிருக்கேன். எல்லாத்துலயும் 'பரிசீலிக்கவும்'னு எழுதி ஓரத்துல தென்னமரம் போட்டிருக்கேன். இப்பத்தான் முதல் தடவையா நானே ஒரு மனு போட்டிருக்கேன். அதுவும் எனக்கே!" சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்லை. நானும் மூக்கைத் துடைச்சுட்டுச் சிரிச்சேன்.

போன் அடிச்சுது. வாசலுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"வாழ்த்துகள் தலைவரே… நன்றி, நன்றி… அதே துறையா? இல்லீங்க, வேண்டாமுங்க… உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லை… வருத்தமா? சே சே… இல்லீங்க, பந்தயத்துல தோத்துட்டேன்… வீட்டுலதான்… ஆமாங்க, பலாப்பழம்."

வெளியே போய் நல்லா சண்டை போட்டேன். கல்யாணமாகி நாப்பத்தேழு வருஷம் இவரைப் பதவியை விடுங்க விடுங்கன்னவ, இன்னிக்கு ஏன் விட்டீங்கன்னு கத்தறேன்!

"பத்து வருஷம் அந்த நாற்காலியில இருந்து எனக்குத் தெரியாத ஓடை, ஒரு வாரம் கல்லு மேல உக்காந்தப்பத் தெரிஞ்சுது. எம்.எல்.ஏ.வா இருக்கேனில்ல, அது போதும். பாலத்தை வாங்கிக் குடுத்துட்டுத்தான் இந்த மலையை விட்டு இறங்குவேன். இப்பப் பெறுநரை மாத்திக் கலெக்டருக்குன்னு எழுது. முன்கூட்டி யாருக்கும் சொல்லிடாதே. சொன்னா பவுடரோட வந்துடுவாங்க."

மே 7, வியாழன்

பதவியேற்பு. டி.வி. போடலை. பலாக்கொட்டை சுட்டுத் தின்னோம்.

மே 11, திங்கள்

தேர்தல் விதியெல்லாம் முடிஞ்சு முதல் குறைதீர்க்கும் நாள். கீழே கலெக்டர் ஆபீஸ்ல காலை ஒன்பதுக்கே வரிசை கேட்டைத் தாண்டிடுச்சு. மந்திரி மாறிட்டார், கலெக்டர்கிட்டயே குடுக்கலாம்னு நேத்து சந்தையில சொல்லி வச்சிருந்தேன், பாப்பாயி படத்தோட புதுச்சேலை கட்டி வந்திருந்தாங்க. இவரைக் காட்டி, "இவர்தான் படம் போட்டவர், என் வீட்டுக்காரர்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். லுங்கியும் வெள்ளைத் தாடியுமா நின்னவரை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கல்லை நல்லா கவனிச்சுப் போட்டிருக்கீங்க"ன்னாங்க. இவருக்கு வெக்கம் வந்துடுச்சு! கழுத்தெல்லாம் சிவந்துபோய், "நீங்க அன்னிக்குக் கேட்ட கேள்விதாங்க"ன்னார். பாப்பாயிக்கு அது எந்தக் கேள்வின்னே ஞாபகம் இல்லை.

டோக்கன் எண்பத்தாறு. ரெண்டு மணி நேரம் நின்னோம். ஆள் மாத்தி ஆள் படத்தைச் சுமந்தோம். நடுவுல இவர் கால் மாத்திக் கால் மாத்தி நின்னுக்கிட்டு, "மனு குடுக்கறவங்க இவ்வளவு நேரமா நிக்கறாங்க அம்மிணி?"ன்னு கேட்டார். "பின்னே?"ன்னேன். முன்னாடி இருந்த பெரியவருக்குத் தண்ணி வாங்கிட்டு வந்து குடுத்தார்.

எங்க முறை வந்துது. உள்ளே பாப்பாயி முன்னாடி, படத்தை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு. பின்னாடி நான், எனக்குப் பின்னாடி இவர். மேசைக்குப் பின்னால கலெக்டர் அம்மா, சின்ன வயசுதான், தலையைக் குனிஞ்சு எழுதிட்டிருந்தாங்க. "சொல்லுங்கம்மா"ன்னு நிமிர்ந்தாங்க. பாப்பாயியைப் பாத்தாங்க, படத்தைப் பாத்தாங்க. கண்ணு அதுக்கும் பின்னால போச்சு. தாடிக்குள்ள ஒளிஞ்சிருந்த முகத்துல ஒரு நிமிசம் நின்னுது.

நாற்காலி கிரீச்சுன்னு பின்னுக்குப் போச்சு. கலெக்டர் சட்டுனு எழுந்து நின்னுட்டாங்க. அவங்க எழுந்ததும் பக்கத்துல இருந்த அதிகாரிங்க அத்தனை பேரும் எழுந்துட்டாங்க. இவர் உதட்டுல விரலை வச்சு, வேண்டாம்னு தலையை ஆட்டினார்.

பாப்பாயி இதையெல்லாம் பாக்கலை. அவங்க கண்ணு முன்னாடியே இருந்துது. கையை எட்டி என் முந்தானையைப் புடிச்சு இழுத்து, அந்த ஹால் பூரா கேக்கற மாதிரி ரகசியம் பேசினாங்க:

"பாத்தீங்களாம்மா! படத்தைப் பாத்ததும் எல்லாரும் எழுந்துட்டாங்க!"

நான் திரும்பி இவரைப் பாத்தேன். நாலு தடவை மந்திரியா பதவியேத்தப்பக்கூட இவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததில்லை.

"ஆமாங்க"ன்னார் இவர், பாப்பாயிகிட்ட. "ஓடை அவ்வளவு நல்லா வந்திருக்கு. நீங்க போய்ச் சொல்லுங்க."